களவு என்னும் பிணி

பசிக்குத் திருடுவோர் உளர். பேராசையால் திருடுவோரும், பகையால் பிறர் பொருளைக் கவர்வோரும் உளர். இவர்களுள் எவரோடும் சேராத ஒரு வகையினரும் உண்டு. விலை கொடுத்து வாங்கும் வசதி இருந்தும், தமக்குப் பயன்படாத ஒரு சிறு பொருளைக் கண்டதும் எடுத்து மறைக்காமலிருக்க அவர்களால் இயலுவதில்லை. எடுத்ததைச் சிலர் எறிந்துவிடுவர். சிலர் பெட்டியில் குவித்து வைப்பர். சிலர் எடுத்த இடத்திலேயே மறைவாகத் திரும்ப வைப்பர்.

சுவிற்சர்லாந்து வைத்தியர் மத்தே 1816இல் இந்நிலையை விவரித்தார். 1838இல் பிரான்சு தேசத்து வைத்தியர்களான மார்க், எஸ்கிரோல் ஆகியோர் இதற்குக் 'கிளெப்டோமேனியா' என்னும் பெயரை வழங்கினர்.

இந்நோயின் அடையாளம் யாது? திருடுமுன் மனத்திலே ஓர் இறுக்கம் வளர்கின்றது. எடுக்குங் கணத்தில் இன்பமோ ஆறுதலோ பிறக்கின்றது. பின்னர் வெட்கமும் அச்சமும் வருத்துகின்றன. முன்னேற்பாடு இல்லை, பெரும்பாலும் கூட்டாளியும் இல்லை. ஆயினும் கடையில் திருடுவோர் அனைவரும் நோயாளர் அல்லர். அவ்வாறு பிடிபடுவோருள் நூற்றுக்கு 4 முதல் 24 பேர் வரையிலேயே இந்நோய் காணப்படுவதாக அமெரிக்க உளவைத்தியர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கைநூல் கூறுகின்றது.

இப்பிணி தனித்து வருவது அரிது. மனச்சோர்வு, பதற்றம், அளவின்றி உண்டு பின் வாந்தியெடுக்கும் உணவுக்கோளாறு, மதுப்பழக்கம் என்பன உடன்வருவதுண்டு. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 28 நோயாளருள் 12 பேரிடம் ஆளுமைக் குறைபாடும் காணப்பட்டது. பிறரை எப்பொழுதும் ஐயுறும் இயல்பே அவற்றுள் மிகுந்திருந்தது. ஐயுறும் இயல்பு நோய்க்கு வழிவகுத்ததோ, பல்லாண்டு உண்மையை ஒளித்து வாழ்ந்தமையே அவ்வியல்பை வளர்த்ததோ என்பதை இவ்வெண்ணிக்கை மாத்திரம் காட்டிவிடாது.

சிகிச்சைக்கு வழியில்லாமலில்லை. மதுப்பழக்கத்துக்கு வழங்கப்படும் நல்ட்ரெக்சோன் என்னும் மருந்து, 2009இல் 25 பேரிடம் எட்டு வாரங்கள் சோதிக்கப்பட்டபோது திருடும் உந்துதலைத் தணித்தது. உளப்பயிற்சியும் உண்டு: உந்துதல் எழும்போது, பிடிபட்டுப் பலர்முன் தலைகுனிந்து நிற்கும் காட்சியை மனக்கண்முன் கொண்டுவர நோயாளர் பழக்கப்படுகின்றனர்.

வைத்தியரை நாடத் தடையாயிருப்பது பெரும்பாலும் வெட்கமே. கணவனுக்கும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் துன்புறும் பெண்கள் உளர். உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோரும் உளர். நோய் என்பதனால் பொருளிழந்தவரின் இழப்பு இல்லாமற்போவதில்லை. சட்டமும் பொதுவாக இதனை மன்னிப்பதில்லை. ஆதலின், எடுத்த பொருளை உரியவரிடம் சேர்ப்பித்தலும், எடுத்தவரை உளவைத்தியரிடம் அழைத்துச் செல்லுதலும் ஒருங்கே நிகழவேண்டும். முதலாவதோடு நின்றுவிடும் குடும்பம், மறுமுறையும் அதே வாயிலில் தலைகுனிந்து நிற்க நேரிடும்.