ஒரு ஏக்கர் கொடுத்தால் எத்தனை சென்ட் திரும்பி வரும்?

விரிஞ்சிபுரம் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய வயலுக்கு இன்று இரண்டு விலை. ஒன்று, நெல் விளையும் நிலத்தின் விலை. மற்றொன்று, மனை பிரித்தால் கிடைக்கும் விலை. ‘நிலத்தைக் கொடுங்கள், மனை போட்டதும் உங்கள் பங்கைத் தருகிறோம்’ என்று யாராவது வாசலுக்கு வந்தால் என்ன கேட்பது? ஒரு மாநில அரசே விவசாயிகளிடம் இப்படிக் கேட்ட இடம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. அதுதான் ஆந்திராவின் அமராவதி.

100 சென்ட், 26 சென்ட் ஆனது

2014-ல் தெலங்கானா பிரிந்ததும் ஆந்திராவுக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. கிருஷ்ணா நதியின் தென்கரையில் துள்ளூர், மந்தடம், வெலகபூடி உள்ளிட்ட 29 ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நிலத்தை விலைக்கு எடுக்காமல், மனையாகத் திருப்பித் தரும் ‘நிலத் தொகுப்பு’ முறையைக் கொண்டுவந்தார்கள். சுமார் 28,000 விவசாயிகள் 33,000 ஏக்கருக்கு மேல் ஒப்படைத்தார்கள்.

மானாவாரி நிலம் ஒரு ஏக்கருக்கு 1,000 சதுர கெஜம் குடியிருப்பு மனை, 250 சதுர கெஜம் வணிக மனை என்பது ஒப்பந்தம். நம் கணக்கில் ஏறத்தாழ 26 சென்ட். ஆற்றோரம் ஆண்டு முழுக்க வாழையும் காய்கறியும் விளையும் ‘ஜரீபு’ நிலத்துக்கு வணிக மனை 450 சதுர கெஜம். மொத்தம் 30 சென்ட். இதோடு 10 ஆண்டுகளுக்கு, ஏக்கருக்கு ஆண்டுத்தொகை 30,000 ரூபாய். ஜரீபுக்கு 50,000 ரூபாய். ஆண்டுதோறும் 10 சதவிகிதம் கூடும். நிலமில்லாத குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய்.

நகரம் நின்றது, வயலில் புதர் மண்டியது

2015 அக்டோபர் 22-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2019 டிசம்பரில், புதிதாக வந்த அரசு மூன்று தலைநகரங்கள் என்று அறிவித்தது. வேலைகள் நின்றன. மனை காகிதத்தில் இருந்தது. அதற்குப் போகச் சாலை இல்லை. உழவும் இல்லாமல் நிலத்தில் புதர் மண்டியது. பெண்கள் முன்னால் நிற்க, விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2024-ல் ஆட்சி மாறிய பிறகு, 2025 மே மாதம்தான் பணிகள் மறுபடி தொடங்கி வைக்கப்பட்டன. நிலம் கொடுத்துப் பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

உண்டவல்லி, பெனுமாக்க ஊர்களில் பலர் நிலம் தர மறுத்துவிட்டார்கள். நிலம் கொடுத்த ஊர்களில் அதிகம் அடிபட்டவர்கள் குத்தகைக்காரர்களும் கூலித்தொழிலாளர்களும்தான். ஆண்டுத்தொகை பட்டா வைத்திருந்தவருக்குப் போனது. நடவும் களையும் அறுப்பும் தந்துவந்த கூலியை மாதம் 2,500 ரூபாய் ஈடுகட்டாது.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

* திரும்பி வருவது எத்தனை சென்ட்? எந்த இடத்தில், எந்த மனை எண்?
* எந்தத் தேதிக்குள் கைக்கு வரும்? தாமதமானால் ஏக்கருக்கு ஆண்டுக்கு எவ்வளவு தருவார்கள்?
* திட்டம் நின்றுபோனால் நிலம் திரும்புமா? மண் கொட்டி மேடாக்கிய வயலை மறுபடி வயலாக்கும் செலவு யாருடையது?
* நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி இருக்கிறதா? அனுமதியில்லாத மனையை விற்கப் போனால் பத்திரப்பதிவில் சிக்கல் வரும்.
* கிணறு, வாய்க்கால், வண்டிப்பாதை என்ன ஆகும்? உங்கள் வாய்க்காலில் தண்ணீர் பாயும் அடுத்த வயல்காரரிடம் பேசினீர்களா?
* கேட்பது பொது அதிகாரப் பத்திரமா? அப்படியென்றால் உங்கள் நிலத்தை விற்கும் உரிமையே கைமாறலாம். வழக்கறிஞரிடம் படித்துக்காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

அமராவதி விவசாயிகள் நீதிமன்றத்தில் நிற்க முடிந்ததற்குக் காரணம், அரசு எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் அவர்கள் கையில் இருந்ததுதான். வாய்ச்சொல்லை நம்பியிருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். எனவே எல்லாக் கேள்விக்கும் எழுத்தில் பதில் வரட்டும். அதுவரை அடுத்த போகத்துக்கு நாற்று விடலாம்.