எல்லைக்கோடு நகரும்போது: மீள்கட்டுமானமும் நெகிழ்வான தகவல் கட்டமைப்பும்

கட்டுமானத் தொழிலில் ஒப்பந்தம் கிடைத்ததும் ஆட்களும் வரைபடங்களும் அளவைக் கணக்குகளும் ஒருசேரப் பெருகி, கட்டடம் கையளிக்கப்பட்டதும் சுருங்கிவிடுவதால், சேவையகம், வலையமைப்பு, தரவுத்தளம், மென்பொருள் ஆகியவை சேர்ந்த அதன் தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்பும் அவ்வாறே விரியவும் சுருங்கவும் வல்லதாக இருக்கவேண்டியுள்ளது. இணையவழி வாடகைக்குப் பெறும் கணினி வசதியான முகிற்கணிமை இத்தேவையை இன்று எளிதாகவே நிறைவேற்றிவிடுகிறது. விதிமுறை நடுவழியில் மாறினால் முன்னரே திரட்டிய தரவு பயன்படுமா என்பது அதனிலும் கடினமான கேள்வி.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிக அதிக உயிர்களை இழந்த அம்பாறை மாவட்டத்தில், கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக நெருங்கிக் கிடக்கும் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் மீள்கட்டுமானம் ஓர் எல்லைக்கோட்டில் தங்கியிருந்தது. நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு அறிவித்தது. அதற்கு வெளியே முற்றாக இடிந்த வீட்டின் உரிமையாளர், கட்டுமானம் எட்டும் கட்டங்களுக்கேற்பத் தவணைகளாக 250,000 ரூபாய் பெற்றுத் தாமே கட்டிக்கொள்ளலாம், உள்ளே இருந்தோருக்கோ நன்கொடை நிறுவனங்கள் வேறிடத்தில் கட்டித்தரும் என்பது ஏற்பாடு. பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. மருதமுனையின் ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ அத்தகைய எல்லை அளவொன்றைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

இத்தகைய சூழலில், ஒவ்வொரு குடும்பத்தையும் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று மட்டும் குறித்துவைத்த பட்டியல், எல்லை மாறிய அன்றே பயனற்றுப்போய், கிராம சேவையாளர் மீண்டும் வீடுவீடாகச் செல்ல நேரிடும். மாறாக, வீட்டின் அமைவிடம், கடலிலிருந்து அதன் தூரம், காணி உரிமை, வழங்கிய தவணை ஆகியவை தனித்தனியே பதியப்பட்டிருந்தால், புதிய எல்லைத் தூரத்தைக் கொடுத்துப் பட்டியலை உடனடியாகத் திரும்ப எடுக்கலாம். அளந்த உண்மையையும் அதன்மேல் எடுத்த முடிவையும் பிரித்துச் சேமிக்கும் இவ்வடிவமைப்புக்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

அதே அனர்த்தத்தின்போது இலங்கைத் தன்னார்வ மென்பொருளாளர்கள் சில வாரங்களுக்குள் உருவாக்கிய ‘சஹானா’ என்னும் மென்பொருள், வீடமைப்புக்காக எழுந்ததன்று எனினும், இங்கு குறிப்பிடத்தக்கது. காணாமற்போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைகள் என அது தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததோடு, எவரும் நகலெடுத்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருளாகவும் இருந்தமையால், 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது.

முகிற்கணிமைக்கு மாற நினைக்கும் கல்முனை ஒப்பந்தகாரருக்கு நெருக்கடி வேறு திசையிலிருந்து வரலாம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அம்மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டதால், டொலரில் செலுத்தும் சந்தாவும் அவ்வாறே ஏறியது. எனவே இணைப்பில்லாதபோதும் கைப்பேசியில் அளவுகளைப் பதிந்து, இணைப்புக் கிடைத்ததும் மையத் தரவுத்தளத்தோடு ஒத்திசைக்கும் செயலியே கட்டுமானத் தளத்துக்கு உகந்தது. அத்தரவுக்கு வேறிடத்தில் ஒரு நகல் இருப்பதும் அவசியம். 2023இல் இலங்கை அரசின் முகிற்கணிமை, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்கமுடியாமற் போனமைக்கு அக்காலத்துக்கான காப்பு நகல் இல்லாததே காரணம்.