வண்டிக்கும் ஓர் இருபது நிமிடம் கொடுங்கள்

பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் பேசுகிற பக்கத்தில் இவன் ஏன் பிக்கப் வண்டியின் சைலன்சரைப் பற்றி எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். நேரடி விற்பனையில் இறங்கிய நம்மில் பலர் டீசல் பிக்கப் வாங்கிவிட்டோம். எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வங்கி வேலையில் ஓய்வு பெற்ற பிறகு வில்லியனூரை அடுத்து காய்கறி, கீரை பயிரிடுகிறேன். வாரம் மூன்று நாள் விடியற்காலையில் லோடு ஏற்றி, மூலக்குளம், ரெட்டியார்பாளையம் வழியாக இந்திரா காந்தி சிலையைத் தாண்டிப் புதுச்சேரி நகரத்துக்குள் வருவேன். பத்து கிலோமீட்டர்தான் தூரம். அப்புறம் வீடு வீடாக நிறுத்தம். ஒவ்வொரு வாசலிலும் இன்ஜினை அணைத்துவிடுவேன். சிக்கனமாம்!

சில மாதத்தில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஓட்டினேன். ஒரு சனிக்கிழமை நெல்லித்தோப்பு அருகே வண்டி இழுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. கீரை முழுக்க வெயிலில் வாடிப்போச்சு.

நடந்தது இதுதான். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 விதி வந்தது. அதற்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் பெரும்பாலும் சைலன்சர் குழாயில் ஒரு புகை வடிகட்டி இருக்கும். டி.பி.எஃப். என்பார்கள். பிரான்சின் பெஜோ நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே தன் 607 காரில் இதைப் பொருத்தி விற்றது. நமக்கு வந்து சேர இருபது வருஷம் ஆச்சு.

உள்ளே தேன்கூடு போலச் சிறு சிறு துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. புகை அதன் சுவர் வழியாகக் கசிந்து வெளியேறும், கரி உள்ளே தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்குத்தான் 'ரீஜெனரேஷன்' என்று பெயர்.

லோடோடு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நீண்ட தூரம் போனால், புகையின் சூட்டிலேயே கரி கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். ஊருக்குள் நின்று நின்று போனால் அந்தச் சூடு வராது. கரி ஓர் அளவைத் தாண்டியதும் வண்டியின் கம்ப்யூட்டர் தானே வேலையை ஆரம்பிக்கும். கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சி, அதைப் புகைக் குழாயில் எரியவைத்து, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும். முடிய 10 முதல் 20 நிமிடம் ஆகலாம்.

அந்த நேரத்தில் இன்ஜினை அணைத்தால்? உலையில் அரிசி போட்டுப் பாதியில் அடுப்பை அணைத்த கதைதான். கரி அப்படியே நிற்கும். பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போய் இன்ஜினும் தேயும். நான் வாசலுக்கு வாசல் செய்தது இதைத்தான்.

வங்கியில் 90 நாளுக்கு மேல் தவணை நிலுவையில் நின்றால் வாராக்கடன். அதற்கு முன் எத்தனை நினைவூட்டல் அனுப்புவோம்! மஞ்சள் விளக்கும் அப்படியொரு நினைவூட்டல்தான். எத்தனையோ பேருக்கு அந்தக் கடிதத்தை அனுப்பியவன், எனக்கு வந்ததைப் படிக்கவில்லை.

எரிப்பு நடக்கிறது என்று எப்படித் தெரியும்? நியூட்ரலில் இன்ஜின் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடும். ரேடியேட்டர் ஃபேன் விடாமல் சுற்றும். சூடான வாடை வரும். அப்போது வாசலில் நின்றாலும் இன்ஜினை அணைக்காதீர்கள். முடிந்தால் இன்னும் இரண்டு தெரு சுற்றிவிட்டு வாருங்கள்.

விளக்கே எரிந்துவிட்டால் அன்றைக்கே நல்ல சாலைக்குப் போய், ஒரு கியர் குறைத்து, சீரான வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். எந்த வேகம் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். நான் இப்போது வாரம் ஒரு நாள் விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டு வரை போய்த் திரும்புகிறேன். விளக்கு மினுக்கினாலோ, வண்டியின் இழுவை குறைந்தாலோ ஓட்டிப் பார்க்காதீர்கள், சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்கள்.

ஆயில் மாற்றும்போது கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் ஆயிலையே கேளுங்கள். கரியை எரிக்கலாம், ஆயிலின் சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கி இடத்தை அடைத்துவிடும்.

உழவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. எரிப்பு நடக்கும்போது வைக்கோல், சருகு, காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. குழாய்ச் சூட்டில் களமே பற்றிக்கொள்ளும்.

வண்டி நின்ற அன்று தெரிந்த மெக்கானிக் ஒருவர், "சார், உள்ள இருக்கறத உடைச்சு எடுத்துடலாம், செலவு கம்மி" என்றார். புது வடிகட்டியின் விலையைக் கேட்ட பிறகு மனசு தடுமாறியது உண்மை. ஒரு போகத்து வருமானம் போய்விடும் போலிருந்தது. ஆனால் அப்படி எடுப்பது சட்டப்படி தப்பு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லேயே உறுதி செய்துவிட்டது. நஞ்சில்லாத கீரை என்று சொல்லி விற்கிறவன், அதை வாங்க வாசலுக்கு வரும் பிள்ளையின் முகத்தில் கரியை ஊதலாமா?

சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கட்டாய எரிப்பு செய்தார்கள். நல்லவேளை, வடிகட்டி தப்பித்தது. இன்னும் ஒரு மாதம் அலட்சியமாக இருந்திருந்தால் பீங்கானே வெடித்திருக்கும் என்றார்கள்.

மண்ணுக்கு நாம் அவசரப்படாமல் நேரம் கொடுக்கிறோம். காயை ஏற்றிவரும் வண்டி கேட்பது இருபது நிமிடம்தான்.