மூன்று ஓம் காயில்

அம்பாசடர் காரின் பானெட்டைத் திறந்து, பேட்டரியின் இரண்டு முனைகளையும் இரண்டு கைகளால் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. வெறும் 12 வோல்ட். அதே பானெட்டுக்குள் கொஞ்சம் தள்ளி, கைக்குள் அடங்கிவிடும் அளவில் ஓர் உலோக உருளை கிளாம்ப்பில் மாட்டியிருக்கும். அதன் நடு மூக்கிலிருந்து புறப்படும் தடித்த ஒயரில் 20,000 வோல்ட்டுக்கு மேலும் எழும்ப முடியும். அந்த 12 வோல்ட்தான் இங்கே இப்படி வளர்ந்து நிற்கிறது. உருளைக்குள் சுழல்வது, அசைவது என்று எதுவுமே இல்லை. இரும்புத் தகடுகள், செப்புக் கம்பி, காகிதம், எண்ணெய் இவ்வளவுதான்.

இதுதான் இக்னிஷன் காயில். பழைய கார் வைத்திருப்பவர் என்றாவது ஒரு நாள் இதை மாற்றித்தான் ஆக வேண்டும். பயப்பட வேண்டிய செலவில்லை. சாதாரணக் காயிலின் விலை, ஒரு முறை டேங்க்கை நிரப்பும் செலவைவிடக் குறைவு. ஆனால் கடை அலமாரியில் ஒரே உயரம், ஒரே தடிமன், ஒரே மாதிரி மூக்குடன் நாலைந்து காயில்கள் நிற்கும். எதை எடுத்தாலும் கிளாம்ப்பில் உட்காரும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். தவறான காயிலை எடுத்திருந்தால் அது சில நாள் கழித்து, ஊர் தாண்டிய பிறகுதான் தெரியும். இவற்றைப் பிரித்துக் காட்டுவது ஓர் எண். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் விலைச்சீட்டும் பளபளப்பும் யாரையும் ஏமாற்ற முடியாது.

காயிலுக்குள் ஒரே இரும்பு மையத்தைச் சுற்றி இரண்டு சுருள்கள் இருக்கின்றன. முதல் சுருள் தடித்த கம்பி, சில நூறு சுற்றுகள். இரண்டாவது தலைமுடி போன்ற மெல்லிய கம்பி, ஏறத்தாழ 20,000 சுற்றுகள். சுற்றுகளின் விகிதம் ஒன்றுக்கு நூறை ஒட்டி வரும். 12 வோல்ட்டை நூறால் பெருக்கினால் 1,200. பிளக்கில் பொறி தாவ அது எந்த மூலைக்கும் போதாது. மீதி எங்கிருந்து வருகிறது?

பதில் 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட விதியில் இருக்கிறது. ஒரு சுருளுக்குள் காந்தப்புலம் மாறினால் மின்னழுத்தம் பிறக்கும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு அதிகமாகப் பிறக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்ற சுவிட்ச் மூடியிருக்கும்போது முதல் சுருளில் கரண்ட் மெல்ல ஏறி காந்தப்புலத்தைக் கட்டுகிறது. அதற்குச் சில மில்லி விநாடிகள் ஆகும். கேம் திரும்பி பாயிண்ட்டைத் திறந்ததும் கரண்ட் சட்டென்று அறுபடுகிறது; கட்டிய புலம், கட்டுவதற்கு ஆன நேரத்தில் சிறு துளிக்குள் சரிந்துவிடுகிறது. மாடித் தொட்டியிலிருந்து வேகமாக வரும் தண்ணீரை வால்வு போட்டு ஒரே அடியில் நிறுத்தினால் குழாய் டமார் என்று அதிர்வதைக் கேட்டிருப்பீர்கள்; ஓடும் கரண்ட்டும் நிறுத்தப்படுவதை அப்படித்தான் எதிர்க்கிறது. அந்த அதிர்ச்சியில் முதல் சுருளிலேயே 250, 300 வோல்ட் எழும்புகிறது. இதை நூறால் பெருக்குங்கள். கணக்கு இப்போது சரியாக வருகிறது.

இங்கே கன்டென்சரைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. விரல் நுனி அளவிலான அந்தச் சிறு உருளையின் கொள்ளளவு சுமார் 0.2 மைக்ரோஃபாரட். பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில், கரண்ட் இடைவெளியைத் தாவி எரியாமல் தன்னிடம் வாங்கிக்கொள்வது அதுதான். அது இல்லாவிட்டால் பொறி பிளக்கில் தாவாது, பாயிண்ட்டிலேயே தாவும். புலம் தயங்கித் தயங்கிச் சரியும். இரண்டாவது சுருளில் எழும்புவது பரிதாபமான அழுத்தமாக இருக்கும். “காயில் போச்சு சார்” என்று மாற்றப்படும் நல்ல காயில்களில் பலவற்றின் உண்மைக் குற்றவாளி, காயிலைவிடப் பல மடங்கு மலிவான இந்தக் கன்டென்சர்தான். பாயிண்ட் முனைகள் கருகி, குழி விழுந்திருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்தச் சுருளின் குடும்ப வரலாறு காரைவிட மிகப் பழையது. 1836-இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் நிக்கோலஸ் காலன் என்ற பாதிரியார்-பேராசிரியர் இதன் மூதாதையைச் சுற்றினார். பாரிஸில் ஹைன்ரிக் ரூம்கோர்ஃப் அதைச் செம்மைப்படுத்தினார். 1853-இல் ஃபிசோ அதனுடன் கன்டென்சரைச் சேர்த்தார். ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை எழுப்பியதும், ரான்ட்ஜன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டதும் இதே வகைச் சுருளின் அழுத்தத்தைக் கொண்டுதான். ஃபோர்டின் மாடல் டி காரில் நான்கு சிலிண்டருக்கு நான்கு சுருள்கள் மரப்பெட்டிகளில் அதிர்ந்துகொண்டிருந்தன. ஒரே சுருள், ஒரே பாயிண்ட், பங்கிட ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் என்ற ஏற்பாட்டை 1910 வாக்கில் காடிலாக் காருக்காக வடிவமைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அரை நூற்றாண்டு கழித்து உத்தர்பாராவில் உருவான அம்பாசடரிலும் வேலை செய்தது அதே ஏற்பாடுதான். ரேடியோவும் எக்ஸ் கதிரும் பிறக்க உதவிய கருவியின் வாரிசு நம் பானெட்டுக்குள் இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர் சிலிர்க்கிறது.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். பழைய 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் அம்பாசடரின் காயிலில் முதல் சுருளின் மின்தடை சுமார் 3 ஓம். 12 வோல்ட்டை 3-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். பாயிண்ட் முனைகள் நீண்ட நாள் தாங்குவது இந்த அளவைத்தான். வண்டி 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நான்கு சிலிண்டருக்குமாக விநாடிக்கு 100 பொறிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 10 மில்லி விநாடி, அதிலும் பாயிண்ட் மூடியிருப்பது மூன்றில் இரண்டு பங்கு. அந்த ஆறேழு மில்லி விநாடிக்குள் கரண்ட் ஏறத்தாழ முழு அளவை எட்டிவிடும்படி சுருளை அமைத்திருக்கிறார்கள். பாயிண்ட்டும் காயிலும் எஞ்சின் வேகமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தவை.

அலமாரியில் பக்கத்தில் நிற்கும் இன்னொரு காயில் 1.5 ஓம். அதுவும் 12 வோல்ட் வண்டிக்கு உரியதுதான், ஆனால் பேலஸ்ட் என்ற தனி மின்தடையோடு தொடராகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டியது. செல்ஃப் சுழலும்போது பேட்டரி அழுத்தம் ஒன்பது, பத்து வோல்ட்டுக்கு இறங்கிவிடும்; அந்த நேரத்தில் மட்டும் பேலஸ்ட்டைத் தாண்டி நேரடியாக கரண்ட் கொடுத்தால் பொறி வலுவாக இருக்கும், எஞ்சின் எடுத்ததும் பேலஸ்ட் மறுபடி குறுக்கே வந்துவிடும். நல்ல யோசனை. ஆனால் பேலஸ்ட் இல்லாத அம்பாசடரில் இந்தக் காயிலை மாட்டினால் 4 ஆம்பியருக்குப் பதில் 8 ஆம்பியர் பாயும். வண்டி முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஸ்டார்ட் ஆவதுபோலக்கூடத் தோன்றும். பாயிண்ட் கருகும், காயில் கொதிக்கும், உள்ளே எண்ணெய் விரிந்து கசியும். பிந்தைய எலெக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிகளின் காயில்களில் பலவும் இதே அளவோ இதற்கும் குறைவான ஓமோ உள்ளவை. அங்கே கரண்ட்டைக் கட்டுப்படுத்த மாட்யூல் இருக்கிறது, நம் வண்டியில் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு வண்டியின் காயிலை வாங்கி மாட்டுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

மாறாக, பேலஸ்ட் உள்ள வண்டியில் 3 ஓம் காயிலை மாட்டினால் எதுவும் எரியாது. பொறிதான் நோஞ்சானாக இருக்கும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஆகவே முதலில் உங்கள் வண்டியில் பேலஸ்ட் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளுங்கள். சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் உள்வரும் முனையில் வோல்ட்டை அளந்தால் போதும். பேட்டரி அளவை ஒட்டியே காட்டினால் பேலஸ்ட் இல்லை. ஆறேழு வோல்ட் காட்டினால் இருக்கிறது. அளந்ததும் சாவியை அணைத்துவிட வேண்டும். எஞ்சின் ஓடாமல் பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டபடியே இருந்தால் காயிலுக்குள் 48 வாட் வெப்பம் ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கும். நல்ல காயில்கள் பல அப்படித்தான் அற்பாயுளில் போகின்றன.

ஓம் அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தாலே 0.2, 0.4 என்று ஏதாவது காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். மூன்று ஓமில் அரை ஓம் சின்ன விஷயமல்ல. செம்பு சூடேறினால் தடையும் ஏறும்: 20 டிகிரியில் 3 ஓம் காட்டும் சுருள் 80 டிகிரியில் 3.7 காட்டும். எனவே காயில் ஆறிய பிறகே அளக்க வேண்டும். நடு மூக்குக்கும் பக்க முனைகளில் ஒன்றுக்கும் இடையே அளந்தால் பல ஆயிரம் ஓம் வரும். 5,000 முதல் 15,000 வரை எதுவும் சரியே. முனைக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே எதுவுமே காட்டக் கூடாது.

இந்தச் சோதனைகளில் தேறிய காயிலும் சூட்டில் தோற்கலாம். ஏப்ரல், மே மாத நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய வண்டி திடீரென்று நின்றுவிடும். அரை மணி ஆறியபின் எதுவும் நடக்காததுபோல் கிளம்பும். பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் ஏர் லாக் ஆனாலும் இதே அறிகுறிதான். ஈரத்துணியை பெட்ரோல் பம்ப்பின் மேல் போட்டுக் காத்திருப்பார்கள். பம்ப்போடு சேர்ந்து காயிலும் ஆறியிருக்கும். பழி பெட்ரோல் மேல் விழும். வண்டி நின்ற அந்த நிமிடமே சோதித்தால்தான் உண்மை தெரியும். ஒரு ஸ்பேர் பிளக்கை ஒயரில் செருகி, அதன் உடலை எஞ்சின் இரும்பில் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். நீலமாக, சொடுக்கும் சத்தத்தோடு பொறி வந்தால் காயில் நிரபராதி. மஞ்சளாக மினுங்கினாலோ வராமலே போனாலோ, கன்டென்சரையும் பாயிண்ட்டையும் பார்த்துவிட்டுக் காயிலுக்கு வரலாம். பிளக்கைக் கையில் பிடிக்காதீர்கள்.

பழைய ஆங்கிலேய வடிவமைப்புக் கார்களில் இன்னொரு வலை இருக்கிறது. அவற்றில் பல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டவை. பிறகு டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போடும்போது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருப்பார்கள். காயிலின் இரண்டு ஒயர்களை இடம் மாற்ற மறந்திருப்பார்கள். வண்டி ஓடும். ஆனால் பொறி தலைகீழாகப் பாயும். பிளக்கின் நடு முனை பீங்கானுக்குள் இருப்பதால் பக்க முனையைவிடச் சூடானது. சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் எளிதில் வெளியேறும். திசை தவறினால் அவை குளிர்ந்த முனையிலிருந்து புறப்பட வேண்டும், அதற்குக் கூடுதல் வோல்ட் செலவாகும். காயில் பலவீனம் என்று எண்ணி மாற்றுவதற்கு முன் இந்த இரண்டு ஒயர்களைச் சரிபாருங்கள்: நெகட்டிவ் எர்த் வண்டியில் மைனஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். செலவே இல்லாத வைத்தியம்.

“40,000 வோல்ட் ஸ்போர்ட்ஸ் காயில்” என்று பொன்னிறத்தில் ஒன்று விற்பார்கள். காயில் தன்னால் முடிந்த உச்சம் வரை ஏறுவதில்லை. பிளக்கின் இடைவெளியைத் தாவப் போதுமான வோல்ட்டை எட்டியதும் பொறி விழுந்து ஏற்றம் நின்றுவிடும். அந்தத் தேவையைத் தீர்மானிப்பவை இடைவெளியும் அதிலுள்ள வாயுவின் அடர்த்தியும் என்பதை 1889-இல் ஃபிரெட்ரிக் பாஷன் காட்டினார். 0.6 மி.மீ. இடைவெளியும் ஏழு மடங்கை ஒட்டிய கம்ப்ரஷனும் உள்ள நம் எஞ்சினுக்குப் பத்தாயிரத்தை ஒட்டி இருந்தாலே போதும். மீதி வோல்ட் லேபிளில்தான் இருக்கும். கம்ப்ரஷன் ஏற்றிய, வேகமாகச் சுழலும் ரேஸ் எஞ்சினுக்கு அது உதவும். அலுவலகம் போய்வரும் அம்பாசடருக்குத் தேவையில்லை.

சென்னைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 1961-இல் பிரிட்டனின் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் நம் பாடியில்தான் இருக்கிறது. இந்தியக் கார்களின் மின்பாகங்களில் பெரும் பகுதி அங்கிருந்து வந்ததால், பழைய வண்டிக்கான காயிலை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் கேளுங்கள். புதுப்பேட்டையில் பழையதையும் எடுக்கலாம், அளந்து பார்த்து எடுத்தால். மூக்கைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, கூட்டில் நசுங்கல், பீங்கான் அல்லது பேக்கலைட்டில் மெல்லிய கரிக்கோடு, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் கீழே வைத்துவிடுங்கள். அந்தக் கரிக்கோடு, பொறி குறுக்குவழியில் ஓடிய தடம்; ஒரு முறை ஓடிய வழியில்தான் அது திரும்பவும் ஓடும்.

கடைக்குப் போகும்போது பழைய காயிலையும் மல்டிமீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். பேலஸ்ட் இல்லாத வண்டி என்றால், மீட்டர் ஒயரின் தடையைக் கழித்து 3 ஓமை ஒட்டிக் காட்டும் சாதாரணக் காயிலை வாங்குங்கள். கூடவே ஒரு புதுக் கன்டென்சரும் வாங்கி இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். பழைய காயில் அளவில் தேறினால் தூக்கிப் போடாமல் டிக்கியில் ஸ்பேராக வையுங்கள்.