ஒன்பது கிலோ என்று எழுதிய கணக்கு

"ஏங்க, வருஷம் பூரா எதையாவது பண்ணிட்டு, ஈஸ்டருக்கு முன்னாடி ஃபாதர்கிட்ட போய்ச் சொல்லிட்டா எல்லாம் சரியாப் போயிருமா?"

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் டீ குடிக்க நின்றால், தவக்காலத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானது. கோயிலுக்குப் போகிறவர்களிலேயே பலருக்கு இதற்குப் பதில் சரியாகத் தெரியாது.

இந்த மலையின் காபித் தோட்டத்துக் கணக்கை வைத்தே பார்ப்போம். பழம் பறிக்கிற சீசனில், சாயங்காலமானால் பெண்கள் சாக்கைத் தலையில் சுமந்து வந்து தராசில் வைப்பார்கள். எடைக்குத் தகுந்த கூலி. கணக்கு எழுதுகிறவர் பத்து கிலோவை ஒன்பது என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒரு கிலோ, யாரும் கேட்க மாட்டார்கள். சீசன் முடிந்து தவக்காலம் வருகிறது. மனசு உறுத்த, அவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு அழுகிறார். அழுகையில் பொய் இல்லை. அவர் மனம் திரும்பிவிட்டாரா?

பழைய ஞானோபதேசம் இதற்கு ஐந்து படி சொல்லும்: தன்னைச் சோதித்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, பாவத்தைச் சொல்வது, கடைசியில் குருவானவர் கொடுக்கிற அபராதத்தைத் தீர்ப்பது. வெளியாள் கண்ணில் படுவது நாலாவது படி மட்டும்தான். மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பது சினிமாவில் நடக்கும். திருச்சபை போதனைப்படி, திருடியதைத் திருப்பித் தர மனமில்லாதவனுக்குப் பாவமன்னிப்பு இல்லை. அந்தப் பெண் வேலையை விட்டுக் கீழே சேலத்துக்குப் போயிருந்தால் தேடிப் போக வேண்டும். இறந்திருந்தால் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். யாருமே அகப்படாவிட்டால் ஏழைகளுக்கு. எப்படியானாலும் அந்தக் காசு அவர் பையில் தங்கக் கூடாது.

இது குருமார் கண்டுபிடித்த சட்டமும் அல்ல. யோர்தான் கரையில் திருமுழுக்கு யோவானிடம் வந்தவர்கள் 'நாங்கள் என்ன செய்ய?' என்று கேட்டபோது, அவர் ஜெபம் எதுவும் சொல்லித் தரவில்லை. வரி வசூலிப்பவனிடம் விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார், படைவீரனிடம் சம்பளத்தோடு நில் என்றார். வரி வசூலித்த சகேயு தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்றும், ஏமாற்றியதை நாலு மடங்காகத் தருவேன் என்றும் சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு சொல்கிறார்.

அப்படியானால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு முடிந்ததா? அங்கேதான் யூதாஸ் குறுக்கே நிற்கிறான். அவனும் பாவம் செய்தேன் என்று ஒத்துக்கொண்டான். முப்பது காசையும் கோயிலிலேயே எறிந்தான். ஆனால் தான் காட்டிக்கொடுத்தவரின் முகத்தைப் பார்க்கப் போகவில்லை. மூன்று முறை மறுதலித்த பேதுரு போனார். ஏரிக்கரையில், 'என்னை நேசிக்கிறாயா?' என்று மூன்று முறை கேட்கப்பட்ட கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொன்னார். கணக்கு எழுதியவருக்கும் கடினமான இடம் அதுதான். காசை உறையில் போட்டு யார் மூலமாவது அனுப்பிவிடலாம். 'அம்மா, நான்தான் குறைத்து எழுதினேன்' என்று வாசலில் நின்று சொல்வதற்குத்தான் நாக்கு எழாது.

மற்றக் கிறிஸ்தவ சபைகளில் இன்னொரு கேள்வி கேட்பார்கள்: 'எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?' தேதி இருக்கட்டும். அந்தத் தேதிக்குப் பிறகு யார் வீட்டு வாசலில் போய் நின்றீர்கள் என்பதைத்தான் நான் கேட்பேன்.

ஒரு ஆளுக்குப் பொருந்துவது திருச்சபைக்கும் பொருந்த வேண்டும். இந்த மலையடிவாரத்துக்கு 1623-இல் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி வந்தார். மதுரையிலிருந்து சந்நியாசி கோலத்தில் புறப்பட்டு சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் என்று சுற்றினார். மனம் மாறுகிறவன் குடுமியை எடுக்க வேண்டுமா, பூணூலைக் கழற்ற வேண்டுமா, சந்தனம் பூசலாமா என்று அதற்கு முன் பத்தாண்டுக்கு மேல் கோவாவிலும் ரோமிலும் வழக்கு நடந்தது. அதே 1623 ஜனவரியில் போப் பதினைந்தாம் கிரகோரி, வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். நல்ல தீர்ப்புத்தான். கோலத்தில் என்ன இருக்கிறது? ஆனால் குடுமியோடு சாதியும் உள்ளே வந்தது. பின்னர், மேல்சாதியாருக்குச் சந்நியாசி குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று மதுரை மிஷனே இரண்டாகப் பிரிந்தது. விட வேண்டாததைப் பற்றி அவ்வளவு வாதாடியவர்கள், விட வேண்டியதைப் பற்றி ஏன் அவ்வளவு வாதாடவில்லை?

அதன் விளைவைப் பார்க்க வடக்கன்குளம் போக வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை அதிகாரி நீலகண்டன் 1745 மே 14-இல் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. அதன்பின் அவர் சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார் என்று திருச்சபை நினைவுகூர்கிறது. 1752-இல் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஊரில், அடுத்த நூற்றாண்டில் எழுந்த கோயில் காற்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு கூடங்களாகக் கட்டப்பட்டது. வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம். நடுச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டபோது, சுவர் வேண்டும் என்று உயர்நீதிமன்றம்வரை வழக்குப் போனது. போனவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

2022-இல் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்படுவதற்கு முன்பே 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை வத்திக்கான் எடுத்துவிட்டது. அதற்கு முன், 2016 டிசம்பரில், இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். நாட்டின் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள்; திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருக்கிறது, அது பாவம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். ஐந்து படியில் நாலாவது அது. அபராதத்தைக் கல்லறைத் தோட்டத்தில், பங்குப் பேரவையில், குருமடத்தில், பள்ளி நிர்வாகத்தில் தீர்க்க வேண்டும். எவ்வளவு எடை குறைத்து எழுதப்பட்டது என்பதைத் தராசுக்கு மறுபக்கம் நின்றவர்களைக் கேட்டுத்தான் எழுத முடியும்.