மாங்கேணிக் கடலும் களப்பும்

ஓரிடத்து உயிர்கள், தம்மைத் தாங்கும் நீர், மண், வளி, வெயில் ஆகியவற்றோடு கொடுத்தும் கொண்டும் வாழும் கட்டமைப்பே சூழற்றொகுதி எனப்படும். மட்டக்களப்புக்கு வடக்கே மாங்கேணி, காயங்கேணி, வாகரை ஆகிய ஊர்களை ஒட்டிய கரையில் இத்தகைய தொகுதிகள் மூன்று அடுத்தடுத்து அமைந்துள்ளன: களப்போரக் கண்டற்காடு, ஆழமற்ற நீரடிக் கடற்புல்வெளி, கடலுள் நிற்கும் முருகைப்பார். கண்டல் சேற்றைப் பிடித்து நிறுத்துவதால் நீர் தெளிகிறது. தெளிந்த நீரில் வெயில் புகுவதால் கடற்புல் தழைக்கிறது. புல்லிடையே வளர்ந்த மீன்குஞ்சு பாரை அடைகிறது. பாரோ அலையின் வலுவைத் தணித்து மற்ற இரண்டையும் காக்கிறது.

காலநிலை மாற்றம் இக்கட்டமைப்பை முதலில் தாக்குவது வெம்மையால். முருகை என்பது வெறுங்கல் அன்று. சுண்ணக்கூடு கட்டி வாழும் சிறு விலங்குகளின் குடியிருப்பு. அவ்விலங்கின் உடலுள் உறையும் நுண்பாசி, ஒளித்தொகுப்பால் உணவாக்கி, முருகைக்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காடு வரை வழங்குகிறது. கோடையின் வழக்கமான மேல்வரம்பினும் நீரின் வெப்பம் 1 பாகை மிகுந்து சில கிழமைகள் நீடித்தால், பாசியின் ஒளித்தொகுப்பு நிலைகுலைந்து, உயிரணுவைச் சிதைக்கும் உயிர்வளி வடிவங்கள் பெருக, முருகை அப்பாசியை வெளியே தள்ளுகிறது. நிறம் பாசியுடையது ஆதலின், அது நீங்கியதும் வெண்கூடு உடலூடே தெரிகிறது. இதனையே வெளிறல் என்கிறோம். வெளிறல் இறப்பன்று. நீர் விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் குடியேறும்; தணியாவிடின் முருகை பட்டினியால் மடியும். 1998-இல் ஈழத்துக் கரைகளில் முருகை பரவலாக வெளிறியது. 2016-இல் வெளிறல் மீண்டும் நிகழ்ந்தது. பேரழிவுற்ற பார் மீண்டெழப் பத்தாண்டேனும் வேண்டியிருக்க, வெப்ப அலைகளின் இடைவெளியோ சுருங்கி வருகிறது. காயங்கேணிக் கடற்பகுதி 2019-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு நீரைக் குளிர்விக்காது. எனினும் வலையும் சேறும் கூடி வருத்தாத முருகைக்கே மீளும் வலிமை மிகுதி என்பது என் துணிபு.

இரண்டாவது காடிமை. மாந்தர் வெளியிடும் கரிவளியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கைக் கடல் உள்வாங்கிக் கரிக்காடியாக்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடல்மேற்பரப்பின் காடிச் சுட்டெண் (pH) இன்று 8.1 அளவில் உள்ளது. இவ்வெண் மடக்கை அளவையாதலின், இச்சிறு இறக்கம் காடிமை கால்பங்குக்கு மேல் மிகுந்ததைக் குறிக்கும். சுண்ணக்கூடு கட்டுவது அந்த அளவுக்குக் கடினமாகிறது.

களப்பில் கேடு வேறு வழியில் வருகிறது. வாடைமழை வெள்ளம் ஆற்றுவாயை அகழ்ந்து திறக்க, கடலில் பிறந்த இறாற்குஞ்சுகள் அவ்வழியே களப்பினுள் புகுந்து வளர்ந்து, பின் கடலுக்கே திரும்பும். ஒரு திங்களில் பெய்ய வேண்டிய மழை சில நாள்களில் கொட்டினால் உவர்ப்பு திடீரெனச் சரியும். தொடரும் நெடுவறட்சியில் மணல் வாயை அடைக்க, உவர்ப்பு கடல்நீரின் அளவாகிய ஆயிரத்துக்கு 35 பங்கையும் கடக்கும். மேலும், வெந்நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். இரவெல்லாம் பாசியும் மீனும் மூச்சுக்கு அதனைச் செலவிடுவதால், விடியுமுன் அது மிகத் தாழ்ந்துவிடும். அப்போது மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளந்து நிற்பதைத் தோணியிலிருந்தே காணலாம்.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்துள்ளது. வேரிடையே சேறு படிந்து தரை உயரும் விரைவு கடலேற்றத்துக்கு ஈடுகொடுத்தால் கண்டற்காடு நிலைக்கும்; இல்லையேல் தலைமுறை தலைமுறையாக நிலப்பக்கம் நகரும். நகரும் வழியில் மதிலோ தெருவோ இறால் பண்ணையோ குறுக்கிட்டால் காடு நீருள் மூழ்கி அழியும். எனவே களப்போரத்தில் எவரும் வேலியிடுமுன், கண்டல் பின்வாங்குதற்குரிய தரையை அளந்து ஒதுக்குதல் வேண்டும்.