நேர், மறை, உற்றது உரைத்தல்: கணிப்பொறி தரும் விடை எண்கள்

ரங்கத்தில் கடை வைத்திருப்பவனுக்குக் கணிப்பொறியில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். கணக்கு எழுதுகிறவனுக்குத்தான் இந்தச் செய்தி முதலில் தெரிய வேண்டும் என்பேன். கடைப் பேரேடு, சங்க உறுப்பினர் பட்டியல், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் இன்றைக்குக் கணிப்பொறிக்குள்ளேதான் இருக்கு. அவற்றை இரவில் தானாக நகல் எடுக்கும்படி பிள்ளைகள் ஏற்பாடு செய்து தருகிறார்கள். நகல் எடுத்தாச்சா, இல்லையா? கணிப்பொறி இதற்கு எப்படி விடை சொல்கிறது என்பதே இக்கட்டுரை.

யூனிக்ஸ், லினக்ஸ் வகைக் கணிப்பொறிகளில், கட்டளை வரியில் இயங்கும் ஒவ்வொரு நிரலும் வேலை முடிந்து போகும்போது 0 முதல் 255 வரை ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸிலும் இதே முறைதான். எண் தானாகத் திரையில் வராது. எக்கோ என்ற கட்டளையோடு $? என்று தட்டினால் தெரியும்.

0 என்றால் வேலை முடிந்தது. வேறு எந்த எண்ணும் குறை. முடிந்தது என்று சொல்ல ஓர் எண் போதும். முடியாததற்குத்தானே காரணம் சொல்ல வேண்டும்? மீதி 255 எண்களும் அதற்காக.

நம் இலக்கணத்துக்கு இது புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் விடையை எட்டு வகையாகப் பிரித்தார். "மூட்டையைத் தூக்குவாயா?" என்று கேட்கிறோம். "தூக்குவேன்" என்பது நேர் விடை. "மாட்டேன்" என்பது மறை. "இடுப்பு பிடித்துக்கொண்டது" என்றால் உற்றது உரைத்தல். கணிப்பொறியின் எண்களையும் இப்படிப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

கிரெப் என்ற தேடும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் கிடைத்தால் 0. கிடைக்காவிட்டால் 1. பட்டியலையே திறக்க முடியாவிட்டால் 2. "இல்லை" என்பது வேறு, "பார்க்க முடியலை" என்பது வேறு. சரக்கு இருப்பு கேட்கும் வியாபாரிக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொதுவான சில எண்கள்: கட்டளை இருந்தும் இயக்க முடியாவிட்டால் 126. அப்படியொரு கட்டளையே இல்லையென்றால் 127. பாதியில் நிறுத்தப்பட்டால், நிறுத்திய சைகையின் எண்ணோடு 128-ஐக் கூட்ட வேண்டும். கண்ட்ரோல்-சி தட்டுவது 2-ஆம் சைகை, ஆகவே 130. கட்டாயமாக நிறுத்தும் 9-ஆம் சைகைக்கு 137.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸில் 64 முதல் 78 வரை ஒரு வரிசை வகுத்தார்கள். எல்லா நிரல்களும் அதைப் பின்பற்றுவதில்லை. அதில் 64 என்றால் கட்டளை கொடுத்த முறை தவறு, 66 என்றால் உள்ளீட்டுக் கோப்பு இல்லை, 77 என்றால் அனுமதி இல்லை. தீவுக்காரர்களாகிய நமக்குப் பிடித்தது 75: "இப்போதைக்கு முடியலை, அப்புறம் முயன்று பார்." சென்னையிலிருந்து வரும் கடலடிக் கம்பித் தடம் 2020 ஆகஸ்ட் 10-இல் திறக்கப்படும் வரை, வெளி உலகோடு நம் தொடர்புக்குச் செயற்கைக்கோளே துணை. இணைப்பு அறுந்த நேரத்தில் அஞ்சல் நிரல் 75 என்ற விடையைக் கண்டால் கடிதத்தைத் தூக்கி எறியாது; வரிசையில் வைத்திருந்து மறுபடி அனுப்பும்.

இனி முக்கியமான இடம். "நகலெடு; பழையதை அழி" என்று எழுதினால் நகல் எடுபடாவிட்டாலும் அழித்தல் நடந்துவிடும். அரைப்புள்ளி விடையைக் கேட்பதில்லை. "நகலெடு && பழையதை அழி" என்று எழுதினால் முன்னது 0 சொன்ன பிறகே பின்னது நடக்கும். ஆண்டுக் கணக்கு பிழைப்பதும் போவதும் இந்த இரண்டு குறிகளில் இருக்கு.

இன்னொரு எச்சரிக்கை. 255-ஐத் தாண்டினால் எண் சுற்றி வந்துவிடும். 256 என்பது 0 ஆகிவிடும். தான் கண்ட பிழைகளை எண்ணி விடையாகத் தரும் நிரல் சரியாக 256 பிழை கண்டால், எல்லாம் நலம் என்று சொல்லிவிடும்!

ஆகவே அன்பர்களே, நகல் எடுக்க ஏற்பாடு செய்யும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நகல் 0 சொன்ன பிறகுதானே பழையது அழியுது?" அதன்பின் மாதம் ஒருமுறை நகலைத் திறந்து நாலு வரி படித்தும் பாருங்கள். 0 என்பது நிரல் சொல்லும் விடை. சரக்கை எண்ணிப் பார்ப்பது நம் பொறுப்பு.